மாமன்மார் வகுப்பு

செம்பூத்துப்பட்டி அரசு உயர்நிலைப் பள்ளியில் சாரதாம்பாள் டீச்சருக்குப் பயப்படாத ஆள் கிடையாது; தலைமையாசிரியரையும் சேர்த்துத்தான். ஆள் என்னவோ கரும்பலகையின் மேல்பாதி எட்டாத உயரம். வாய் திறந்தால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து பாடம் எழுதிக்கொள்ளும். சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் வீடு. காலையில் கணவர் சௌரிராஜனுக்குச் சாப்பாடு கட்டிவைத்துவிட்டு டவுன் பஸ், அப்புறம் திருமங்கலம் பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று மாறி மாறி ஏறி, மணி அடிப்பதற்கு முன் வகுப்பில் வந்து நின்றுவிடுவார். மதுரைக்குள்ளேயே மாறுதல் கேட்கலாமே என்று சௌரிராஜன் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் விட்டுவிட்டார். டீச்சருக்கு அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஏழில் பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒன்பதாம் வகுப்புத் தங்கப்பொண்ணு சாப்பாட்டு மணிக்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. டீச்சர் தேடிப் போனால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பிள்ளை சுருண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"டீச்சர், எனக்குக் கேன்சர் வந்துருச்சு. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. அம்மாகிட்டச் சொல்லிராதீங்க டீச்சர், அது தாங்காது."

எத்தனையோ சடங்கு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளைதான் அவள். பெரிய மனுஷி ஆவதென்றால் பட்டுச்சேலை, மாலை, மைக் செட், மாமன் கொண்டுவரும் சீர் என்று வரிசையாகச் சொல்லுவாள். ரத்தம் வரும் என்று மட்டும் ஒரு ஜீவனும் அவளிடம் சொல்லவில்லை. தனக்குச் சாவு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அம்மாவுக்குத் தெரியக்கூடாதே என்று தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள்! டீச்சர் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு விஷயத்தைச் சொல்லி, கையோடு வீட்டில் கொண்டுபோய் விட்டார். திரும்பி வரும்போது யார் மேல் என்று தெரியாமலே அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இனிமேல் தன் வகுப்பில் ஒரு பிள்ளைகூட இப்படிப் பயந்து சாகக்கூடாது என்று பஸ்ஸில் உட்கார்ந்தபடியே முடிவு செய்துகொண்டார்.

அந்தச் சமயம் பார்த்து மேலிடத்திலிருந்து ஒரு கையேடும் வந்து சேர்ந்தது. வளரிளம் பருவக் கல்வி என்று அட்டையில் போட்டிருந்தது. ஊரெல்லாம் அதற்கு வைத்த பெயர் வேறு. டீவியைத் திறந்தால் அதே சண்டை. பிள்ளைகள் கெட்டுக் குட்டிச்சுவராகிவிடும் என்று ஒரு பக்கம், சொல்லாவிட்டால்தான் கெட்டுப்போகும் என்று ஒரு பக்கம். சில மாநிலங்களில் தடையே போட்டுவிட்டார்கள். தலைமையாசிரியர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

"நமக்கெதுக்கு டீச்சர் வம்பு? ரிட்டயராக எனக்கு இன்னும் ரெண்டு வருசம்தான் இருக்கு."

"உங்க ரிட்டயர்மெண்டுக்கும் பிள்ளைக உசுருக்கும் என்ன சார் சம்பந்தம்? சாவியைக் குடுங்க."

சாவி வரவில்லை. பெற்றோர்களைக் கூப்பிட்டுக் கேட்போம், அவர்கள் சரி என்றால் நடத்துங்கள் என்று சொல்லி அவர் நழுவிக்கொண்டார். டீச்சரும் விடவில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாமாருக்கெல்லாம் ஒருவர் விடாமல் ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக அப்போது அவருக்கு நினைப்பு.

கூட்டத்தன்று வேஷ்டி சட்டையில் அப்பாமார் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் நல்லகாமன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"படிக்கிற எடத்துல இம்புட்டு அசிங்கத்தைப் பேசவா நாங்க பிள்ளைகளை அனுப்புறோம்? நம்ம பண்பாடு என்னாகுறது? குடும்ப மானம் என்னாகுறது?"

குடும்ப மானத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தது பாருங்கள்! இந்த நல்லகாமன் வேறு யாருமில்லை, தங்கப்பொண்ணுக்கு அப்பாதான். மனைவி இருளாயி மூன்றாவதும் பெண்ணாகப் பெற்றபோது, ஆண்பிள்ளை வேண்டும் என்று சொல்லி அடுத்த தெருவிலேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டவர். இருளாயி மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு தம்பி காசிமாயன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் மாமன் போட்டதுதான். டிராக்டரும் தோப்பும் வைத்திருப்பதால் நல்லகாமனுக்குத் தலைவர் பதவி. அவர் முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

டீச்சர் பேச எழுந்தார். யார் கேட்டார்கள்? "வேணாம் டீச்சர், வேணவே வேணாம்" என்று அத்தனை அப்பாமாரும் ஏக காலத்தில் கத்தினார்கள். இரண்டு பேர் மட்டும் வெளியே போகும்போது டீச்சர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். டீச்சரை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி மனுப் போடப்போவதாக நல்லகாமன் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அதைவிடப் பெரிய இடி மறுநாள் வந்தது. தங்கப்பொண்ணு ஏன் இன்னும் பள்ளிக்கு வரவில்லை என்று விசாரிக்க டீச்சர் வீட்டுக்கே போனார். காசிமாயன் வாசலிலேயே மறித்துக்கொண்டான். முப்பது வயதுகூட இருக்காது. கறுத்த, இறுகிய முகம்.

"நீங்க அந்தப் பாடத்தை நடத்தப்போறதா ஊரே பேசுது. அப்படியாப்பட்ட பள்ளிக்கூடத்துக்கு என் மருமகளை அனுப்ப மாட்டேன். நடத்த மாட்டேன்னு சொல்லுங்க, நாளைக்கே வருவா."

பாடத்தை விட்டால் தங்கப்பொண்ணு வருவாள். தங்கப்பொண்ணு வந்தால், அடுத்த தங்கப்பொண்ணு தொட்டிக்குப் பின்னால் போய் உட்காருவாள். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே கதவிடுக்கில் நின்று எட்டிப்பார்த்த பிள்ளையின் கண் அவரை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் சடங்கு வைத்தார்கள். பஸ் நிறுத்தத்தில் ஆளுயரத்துக்கு ஃபிளெக்ஸ் போர்டு. பவுடர் அப்பிய முகத்தோடு தங்கப்பொண்ணு, பக்கத்தில் கூலிங்கிளாஸ் போட்ட காசிமாயன். பிள்ளையைவிட மாமன் படம்தான் பெரிது. பஸ்ஸை விட்டு இறங்கிய டீச்சர் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். போகிற வருகிற லாரிக்காரனுக்கெல்லாம் தெரிகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள்! இதையா வகுப்புக்குள் பேசக்கூடாது என்கிறார்கள்? சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

பந்தலுக்குள் உறுமியும் தவிலும் கிழித்தெடுத்தன. தாம்பாளம் தாம்பாளமாகச் சீரைத் தூக்கிக்கொண்டு காசிமாயன் தன் ஆட்களோடு நுழைந்ததும் கூட்டமே எழுந்து வழிவிட்டது. மாலை போட்டது மாமன், சேலை கொடுத்தது மாமன், பந்திக்கு ஆள் கூப்பிட்டது மாமன். பெற்ற அப்பன் நல்லகாமனோ வெள்ளைச் சட்டையோடு ஒரு பிளாஸ்டிக் சேரில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டீர்களா என்பதைத் தவிர அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்த இருளாயி, டீச்சர் பார்வை போன திசையைக் கவனித்துவிட்டாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிறாதீங்க டீச்சர். நீங்க ஆளு மாத்திக் கேட்டுட்டீங்க."

"என்னம்மா சொல்ற?"

"இந்தப் பக்கமெல்லாம் பொம்பளப் பிள்ள விசயத்துல அப்பன் தலையாட்டிட்டு வீட்டுக்குப் போயிர முடியுமா? மறுநாளே மாமன்காரன் வந்து, 'என் மருமக விசயத்துல சரின்னு சொல்ல நீ யாரு'ன்னு சட்டையப் பிடிப்பான். அதுக்குப் பயந்துக்கிட்டுதான் அம்புட்டுப் பேரும் வேணாம் வேணாம்னு கத்திட்டு ஓடிட்டாங்க. நீங்க மாமன்மாரையில்ல கூப்பிட்டிருக்கணும்!"

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். பத்து வருடமாக இந்த ஊர்ச் சடங்கு வீடுகளில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். வகைவகையாகச் சீர் வந்ததைப் பார்த்தாரே ஒழிய, அதைக் கொண்டுவருகிறவனுக்கு என்ன உரிமை என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் அப்பன் பெயருக்குத்தான் இடம், மாமன் பெயருக்கு ஏது? படித்த புத்தி அதைத் தாண்டிப் போகவில்லை. உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்தார். பந்தியில் சாம்பார் வாளியோடு நின்ற காசிமாயனிடம் நேரே போனார்.

"தம்பி, அன்னைக்கு நான் உன்னையத்தான் கூப்பிட்டிருக்கணும். கூப்பிடாம விட்டது என் தப்பு. இப்பக் கேக்குறேன். பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை நடத்த எனக்கு நீ சம்மதம் தரணும்."

காசிமாயன் வாளியைக் கீழே வைத்தான். அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. கோபம் குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் குரலில் காட்டிக்கொள்ளவில்லை.

"என்னன்னு தெரியாமச் சரின்னு சொல்ல மாட்டேன் டீச்சர். ஊர்ல இருக்க மாமன்காரன் அம்புட்டுப் பேரையும் கூட்டிட்டு வாரேன். பிள்ளைகளுக்கு என்ன சொல்லப்போறீங்களோ அதை எங்க முன்னாடி சொல்லுங்க. ஒரு வார்த்தை கோணலா இருந்தாலும் பாடமும் கிடையாது, என் மருமகளும் வர மாட்டா."

டீச்சர் வெட்கப்பட்டுப் பின்வாங்கிவிடுவார் என்றுதான் அவன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். "வாங்க, ஞாயித்துக்கிழமை" என்று சொல்லிவிட்டு டீச்சர் கை கழுவப் போய்விட்டார்.

சொல்லிவிட்டாரே தவிர, பஸ் ஏறியதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அதில் அந்த உறுப்புகளுக்கெல்லாம் பெயர் இருக்கும்தான், ஆனால் அவருடைய அம்மா வாயிலிருந்து ஒன்றுகூட வெளியே வந்ததில்லை. தமிழில் இருப்பது புத்தகத்து வார்த்தை. தெருவில் இருக்கிற வார்த்தையோ நாக்கில் வைக்க முடியாதது. பழகிப் பார்ப்போம் என்று சனிக்கிழமை சாயந்தரம் சௌரிராஜனை எதிரில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். பாதியிலேயே மனுஷனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர் திரும்பவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியர் ஊரில் இல்லை. இல்லாமல் பார்த்துக்கொண்டார் என்பதுதான் சரி. ஆனால் சாவியை மட்டும் முதல்நாளே டீச்சர் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தார், அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன். மாமன்மார் வந்தார்கள். சின்ன வயசு, பெரிய வயசு, மீசை நரைத்தது, நரைக்காதது என்று ஒன்பதாம் வகுப்பு அறை நிரம்பிவிட்டது. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுக்குள் அடங்காமல் அவர்கள் முழங்கால்கள் பலகையில் இடித்தன. நல்லகாமன் தலைவர் என்ற முறையில் வந்து முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். எந்த இடத்தில் எழுந்து கத்துவது என்று அவர் தயாராக வந்தது முகத்திலேயே எழுதியிருந்தது.

டீச்சர் கையேட்டோடு வந்திருந்த படத்தை மாட்டினார். கர்ப்பப்பை என்று முதல் வார்த்தையைச் சொன்னபோது குரல் கொஞ்சம் பிசிறியது. பிறகு பழைய சாரதாம்பாள் டீச்சர் வந்துவிட்டார். மாதா மாதம் உடம்புக்குள் என்ன நடக்கிறது, ஏன் ரத்தம் வருகிறது, அது ஏன் அசுத்தம் இல்லை, அந்த நாட்களில் பிள்ளைக்கு என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். யாராவது தப்பாகத் தொட்டால் எப்படிக் கத்தவேண்டும் என்பதையும் சொன்னார். சுவரையும் ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருந்த மாமன்மார் மெல்ல மெல்லக் கரும்பலகையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"ஒரு பிள்ள கேன்சர்னு நினைச்சுத் தொட்டிக்குப் பின்னாடி சாகக் கெடந்தா. நானே பாத்தேன். பஸ் ஸ்டாப்புல போர்டு வச்சு ஊருக்கே சொன்னீங்களே, அந்தப் பிள்ளைகிட்ட முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

காசிமாயன் பெஞ்சில் இருந்த மைக்கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். நல்லகாமன் தொண்டையைச் செருமினார். அதற்குள் பின்பெஞ்சிலிருந்து விருமாண்டி கையைத் தூக்கிவிட்டார். அறையிலேயே மூத்த மாமன் அவர்தான். ஊரில் நக்கலுக்குப் பேர்போனவர்.

"ஒரு சந்தேகம் டீச்சர். ஆணா பொண்ணாங்கிறதை யாரு முடிவு பண்றது? சாமியா?"

டீச்சர் மேஜையிலிருந்து சாக்பீஸ்களை எடுத்தார். இரண்டு வெள்ளையை ஒரு பக்கம் வைத்தார். ஒரு வெள்ளையும் ஒரு சிவப்பும் இன்னொரு பக்கம்.

"இது பொம்பளை. அவகிட்ட இருக்கது ரெண்டும் வெள்ளை. இது ஆம்பளை. இவன்கிட்ட ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்பு. ஆளுக்கு ஒண்ணு குடுத்தாத்தான் பிள்ள. பொம்பளை எதைக் குடுத்தாலும் வெள்ளைதான், அவகிட்ட வேற கிடையாது. ஆம்பளைகிட்ட இருந்து வெள்ளை வந்தா பொண்ணு, சிவப்பு வந்தா ஆணு. எது வரும்னு அவன் கையிலயும் இல்ல, அதனால அவன் மேலயும் தப்பில்ல. ஆனா பொம்பளை மேல தப்புச் சொல்ல வழியே இல்ல."

விருமாண்டி கொஞ்ச நேரம் சாக்பீஸையே பார்த்தார். பிறகு மெதுவாக முன்வரிசைப் பக்கம் திரும்பினார்.

"அப்ப நம்ம தலைவரு வீடு மாறியும் சாக்பீஸ் மாறலைங்கிறீங்க!"

அறை வெடித்துவிட்டது. பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். இரண்டாவது வீட்டிலும் நல்லகாமனுக்குப் பிறந்தது இரண்டு பெண்கள் என்பது ஊருக்கே தெரிந்ததுதானே. இத்தனை வருடம் வாய்க்குள் வைத்திருந்த சிரிப்பெல்லாம் மொத்தமாக வந்தது. நல்லகாமன் முகம் கறுத்து எழுந்தார். ஆனால் எதைச் சொல்லிக் கத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

சிரிக்காதவன் ஒருவன்தான். காசிமாயன் எழுந்து நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

"டீச்சர், எங்க அக்காவைப் பொட்டையாப் பெத்துப்போடுறவன்னு சொல்லித்தான் அந்த வீட்டுல வெரட்டுனாங்க. அது அப்படியே நம்பிருச்சு. ஒருநா கோவத்துல நானும் அதே வார்த்தையச் சொல்லிட்டேன். அதுக்கு அது ஒண்ணுமே பேசல."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டான். அவனுடைய டிவிஎஸ் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று டீச்சருக்குப் பட்டது. பாடமும் போச்சு, பிள்ளையும் போச்சு. மாமன்மார் என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லகாமன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. காசிமாயன் பின்னால் இருளாயி, அவளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு தங்கப்பொண்ணு. களை எடுத்துக்கொண்டிருந்த அக்காவை வயலிலிருந்து அப்படியே கூட்டி வந்திருக்கிறான். இருளாயியின் காலில் சேறு காயவில்லை. இத்தனை ஆம்பளைகளைப் பார்த்ததும் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்வாங்கினாள். தம்பி அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முன்பெஞ்சில் உட்காரவைத்தான்.

"மச்சான், எங்க கெளம்பிட்டீங்க? நீங்கதான தலைவரு, உக்காருங்க," என்றான் நல்லகாமனிடம். குரலில் மரியாதை குறையவில்லை. ஆனால் அது கட்டளை மாதிரி இருந்தது; நல்லகாமன் உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சர், அந்தச் சாக்பீஸ் வெவரத்தை எங்கக்காவுக்கு இன்னொருக்கச் சொல்லுங்க."

டீச்சர் சொன்னார். இந்தத் தடவை நிறுத்தி நிறுத்தி, இருளாயி முகத்தை மட்டுமே பார்த்துச் சொன்னார். வெள்ளை இரண்டும் அவள் கையில் கொடுத்தார். இருளாயி அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அழுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் அழவில்லை.

"இது நெசமா டீச்சர்? பொஸ்தகத்துல போட்டிருக்கா?"

"போட்டிருக்கும்மா."

"எப்ப இருந்து?"

"நான் படிக்கிற காலத்துலயே போட்டிருந்துச்சு இருளாயி."

இருளாயி நிமிர்ந்து அந்த அறையில் இருந்த ஆம்பளைகள் அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். நல்லகாமன் முகத்தில் வந்ததும் அவள் பார்வை நின்றது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அவள் மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க டீச்சர், இவளும் கேக்கட்டும். பயலுகளுக்கும் சொல்லிக்குடுங்க, ஒருத்தன விடாதீங்க. ஏத்தா, நல்லாக் கேட்டுக்க. நாளைக்கு எவனாச்சும் உன்னைய ஒரு சொல்லுச் சொன்னா, என்னைய மாதிரி வாயடைச்சுப்போய் நிக்கக்கூடாது."

மாமன்மார் ஒருவரும் எழுந்து போகவில்லை. சம்மதமா இல்லையா என்று அதற்குப் பிறகு யாரும் பேசவும் இல்லை. டீச்சர் கரும்பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.